திரைப்பிடிப்பு ஒப்பீடும் தமிழ் எழுத்தும்

மலையகப் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே றொசல்ல என்னும் சிறு நிலையம் உள்ளது. அதன் பெயரில் நான்கு எழுத்துக்கள் உள. முதலெழுத்தாகிய றொ, மெய்யின் இருபுறமும் குறி பெறுவது. மூன்றாம் எழுத்தாகிய ல், தலையிற் புள்ளி பெறுவது. கணினித் திரையில் தமிழ் பெரிதும் பிழைபடுவது இவ்விரு இடங்களிலேயே. இப்பெயர் திரையிற் செவ்வனே தோன்றுகின்றதா என்பதை ஒரு பொறி தானே சோதித்தறிய இயலுமா? இவ்வினாவை முன்வைத்து, மென்பொருட் சோதனையிற் கையாளப்படும் திரைப்பிடிப்பு ஒப்பீட்டு முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

முறையின் இயல்பு

மென்பொருளொன்று திருத்தப்படுந்தோறும் அதன் திரைகள் யாவற்றையும் ஒருவர் அமர்ந்து பார்வையிடுதல் அரிது. எனவே பொத்தான்களை அழுத்துதல், படிவங்களை நிரப்புதல் ஆகிய செயல்களை நிரலே செய்யும் கருவிகள் தோன்றின. 2004ஆம் ஆண்டில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடக்கிய செலினியம் அவற்றுட் பரவலாக அறியப்பட்டது. இத்தகைய கருவி சோதனையின்போது திரையைப் படமாகப் பிடிக்கவும் வல்லது. சரியென ஏற்கப்பட்ட படம் மூலப்படியாகச் சேமிக்கப்படும். பின்னர் பிடிக்கப்படும் படம், புள்ளிக்குப் புள்ளி அம்மூலப்படியோடு ஒப்பிடப்படும். வேறுபாடு காணப்படின் சோதனை தவறியதாகக் கொள்ளப்படும்.

சொற்களை மட்டும் ஒப்பிட்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது என்பதே எமது கருத்து. நினைவகத்தில் றொசல்ல என்னும் சொல் பழுதின்றி இருக்கும். திரையிலோ அது சிதைந்து தோன்றும். வரியின் உயரம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் அளவிடப்பட்டிருப்பின், மேலே புள்ளியும் கீழே உகரக் குறியும் வெட்டுண்டு போகும். தமிழ்க் குறிகளை ஒழுங்குபடுத்தத் தெரியாத நிரல் அச்சுக்குரிய கோப்பை ஆக்குமாயின், ஒகரக் குறியின் இடப்பாகம் றகரத்தின் முன் நில்லாது பின்னே விழும். பொத்தானின் அகலம் போதாதவிடத்து 'பிறப்புச் சான்றிதழ்' என்பது 'பிறப்புச் சான்' என நின்றுவிடும். சொற்சோதனை இவை யாவற்றையும் சரியென்றே கூறும். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை உள்ளவாறே ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு.

புள்ளியும் பொறுதி எல்லையும்

எனினும் பட ஒப்பீட்டிலும் இடர்ப்பாடுண்டு. எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் சாயல் கணினிக்குக் கணினி சிறிது வேறுபடும். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைந்த பக்கம், நோட்டோ எழுத்துருவில் முற்றிலும் வேறுபட்டே தோன்றும். கடிகாரம், திகதி, துடிக்கும் சுட்டி ஆகியவை ஒவ்வொரு முறையும் மாறுவன. ஆகவே மாறுவனவற்றை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றில் இவ்வளவு வேறுபாடு வரை பொறுக்கலாம் என ஒரு பொறுதி எல்லை வகுக்கின்றனர்.

தமிழுக்கு இடர் தோன்றுமிடம் இதுவே. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 2,073,600 படப்புள்ளிகள் உள. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைப் பொறுக்கலாம் எனக் கொண்டால், 2,073 படப்புள்ளிகள் மாறினும் சோதனை வெற்றியே. மெய்யெழுத்தின் புள்ளி மூன்றுக்கு மூன்றாக ஒன்பது படப்புள்ளிகளையே கொண்டதெனின், அப்பக்கத்தில் 230 மெய்ப்புள்ளிகள் அழிந்தாலும் பொறி வாளாவிருக்கும். றொசல்ல என்பது 'றொசலல' ஆகும். கல் என்பது 'கல' ஆகும்.

பரிகாரம் அரிதன்று. முழுத்திரையையும் ஒருங்கே ஒப்பிடாது, பெயர் தோன்றும் பகுதியை மட்டும் தனியே வெட்டி ஒப்பிடல் வேண்டும். 200க்கு 40 அளவான அப்பகுதியில் உள்ளவை 8,000 படப்புள்ளிகள். அதே ஆயிரத்தில் ஒரு பங்கு இங்கு எட்டு மட்டுமே; ஒன்பது படப்புள்ளிகளைக் கொண்ட புள்ளி அழிந்தால் பொறி உடனே குரல் கொடுக்கும். கணினி, எழுத்துரு, உலாவியின் பதிப்பு ஆகியன மாறாதிருத்தல் இதற்கு இன்றியமையாத நிபந்தனையாகும்.

மூலப்படியைத் தேர்பவர் யார்?

ஒப்பீடு வேறுபாட்டைக் காட்டுமேயன்றிச் சரி பிழையைக் காட்டாது. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் இதனை நன்கறிவர். ஏடெழுதினோர் பொதுவாகப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களையும் வேறுபடுத்தி எழுதுவதில்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் சுவடிகளை ஒப்புநோக்கியதோடு அமையாது, பொருளறிந்து பாடந் தெரிந்தனர். பொறிக்கு அப்பொருளறிவு இல்லை. புள்ளி வெட்டுண்ட திரையே முதன்முதல் மூலப்படியாக ஏற்கப்பட்டிருப்பின், பொறி அப்பிழையையே காத்து நிற்கும். பின்னொருவர் அதனைத் திருத்த முற்பட்டால் திருத்தத்தையே பிழையென அறிவிக்கும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழிபற்றிய விதிகளை வகுத்தது. சட்டத்தில் எழுதப்பெற்ற உரிமை, மக்கள் நாள்தோறும் காணும் படிவத்திலும் திரையிலுமே மெய்ப்படும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை பத்திரங்களோடு போராடிய மலையக மக்களுக்கு, ஆவணத்திற் பெயர் பிழைபடுதல் சிறு விடயமன்று. பிழையான பெயர்ப்பலகை ஓரிடத்தில் மட்டும் நிற்கும். பிழையான திரையோ ஒரே நாளில் நாடெங்கும் பரவும்.

ஆதலால் தமிழ்த் திரைகளுக்கெனத் தனி மூலப்படிகள் வேண்டும். அவற்றைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தோரே பார்த்து ஒப்புதல் அளித்தல் வேண்டும். ஆங்கிலத் திரை தேறியதைக் கொண்டு தமிழ்த் திரையும் தேறியதெனக் கொள்ளுதல் சோதனையாகாது. ஒப்பிடும் உழைப்பைப் பொறியிடம் விடலாம். எது சரியான தமிழ் என்று முடிவு செய்யும் பொறுப்பு எம்முடையதே.