வீட்டில் முதல் பட்டம்

அமெரிக்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் நவம்பர் 8ஆம் நாளை, பட்டம் பெறாத பெற்றோரின் பிள்ளைகளாக உயர்கல்விக்கு வந்து சேர்ந்த மாணவர்களுக்கு உரிய நாளாகக் கொண்டாடுகின்றன. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த வழக்கத்தின்படி, அன்று பொது விருந்தும் உரையாடலும் நடைபெறுகின்றன. தாமும் இத்தகைய குடும்பத்திலிருந்து வந்தவர்களே என்று அறிவிக்கும் சட்டைகளையும் வில்லைகளையும் பேராசிரியர்கள் அணிந்து வருகிறார்கள். பட்டமளிப்புக் காலத்திலும் பல வளாகங்களில் இம்மாணவர்களுக்கெனத் தனி விழா எடுத்து, அங்கியின் மேல் அணியும் தோள்துண்டு ஒன்றை அளிப்பதுண்டு. விழாக்களுக்குக் குறைவில்லாத பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு விழா எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அதற்கான விடையைத் தேட வேண்டிய இடம், அந்தத் தேதி.

1965 நவம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் நகரில் தாம் படித்த கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வசதியற்ற மாணவர்களுக்கு நடுவண் அரசே உதவித்தொகையும் கடனும் வழங்க வழிவகுத்த சட்டம் அது. ஜான்சனும் சில்லறை வேலைகள் பார்த்தே அக்கல்லூரியில் படித்தார்; கைப்பணம் போதாமல் 1928இல் படிப்பை இடையில் நிறுத்தி, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆயினும் இன்றைய இலக்கணப்படி அவர் முதல் தலைமுறை மாணவர் ஆகமாட்டார். அவருடைய தாய் கல்லூரிக் கல்வி பெற்றவர். கையில் பணம் இல்லாமையும் வீட்டில் கல்லூரியை அறிந்தவர் இல்லாமையும் வெவ்வேறு குறைகள் என்பதையும், இரண்டும் ஒருவரிடமே சேரும்போதுதான் சுமை கூடுகிறது என்பதையும் உணர்த்த ஜான்சனின் இளமையே போதும்.

அந்த இரண்டாவது குறைக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. வறிய பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் 'அப்வர்ட் பவுண்ட்' 1964இலும், தகுதியுள்ளோரைத் தேடிக் கண்டறியும் 'டேலன்ட் சர்ச்' 1965இலும், கல்லூரிக்குள் வந்தவர்களைத் தாங்கிப் பிடிக்கும் மூன்றாவது திட்டம் 1968இலும் உருவாயின. இம்மூன்றையும் சேர்த்து 'டிரியோ' என்று அழைக்கத் தொடங்கி, பின்னர் எண்ணிக்கை கூடிய போதும் அப்பெயரையே வைத்துக்கொண்டனர். மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இத்தகைய திட்டமொன்றை நடத்திவந்த ஆர்னால்ட் மிச்செம் உள்ளிட்டோரின் முயற்சியால், 1980ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் 'முதல் தலைமுறை' என்பது ஒரு தகுதியாக இடம்பெற்றது. தாய், தந்தை இருவரில் எவரும் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெறாதிருந்தால் பிள்ளை முதல் தலைமுறை மாணவர் ஆகிறார். கறுப்பினத்தவர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பழங்குடியினர் ஆகிய அனைவரின் வறிய பிள்ளைகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த இந்த வரையறை, இனத்தின் பெயரால் எதைத் தொட்டாலும் பூசல் கிளம்பும் ஒரு நாட்டில் நுட்பமான அரசியல் தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இக்கருத்து புதிதன்று. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்விக்குச் சேரும் முதல் பட்டதாரி மாணவர்களுக்கு 2010-11ஆம் கல்வியாண்டு முதல் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை வழங்கிவருகிறது. அதற்கான சான்றிதழுக்காக வருவாய்த் துறை அலுவலகத்தில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். எனினும் இரண்டு இலக்கணங்களும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் அண்ணன் பட்டதாரியாகிவிட்டால் தங்கைக்கு அச்சான்றிதழ் கிடைக்காது. அமெரிக்காவிலோ பெற்றோரின் படிப்பு மட்டுமே கணக்கு என்பதால், ஒரு வீட்டின் நான்கு பிள்ளைகளும் முதல் தலைமுறையினரே. முன்னது பணச்சலுகையைக் குடும்பத்துக்கு ஒருவர் எனப் பங்கிடும் ஏற்பாடு. பின்னது மாணவர் எத்தகைய வீட்டில் வளர்ந்தார் என்பதை அடையாளம் காணும் ஏற்பாடு. அமெரிக்க இலக்கணத்திலும் ஓட்டை உண்டு: பட்டம் பெறாத கோடீஸ்வர வணிகரின் மகளும் அதற்குள் அடங்கிவிடுவார். ஆகவேதான் டிரியோ திட்டங்களின் பயனாளிகளில் மூன்றில் இரு பங்கினர் முதல் தலைமுறையினராக மட்டுமன்றி, குறைந்த வருமானத்தினராகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வரிக்குரிய குடும்ப வருமானம், அரசு வகுத்த வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் இருப்பதே குறைந்த வருமானம் எனப்படும்.

பணத்தைப் பொறுத்தவரை முதன்மையான உதவி, 1972இல் தொடங்கி, பின்னர் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற பெல் உதவித்தொகையாகும். இது திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை. 1970களின் நடுவில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துத் தங்கி உண்ணும் மொத்தச் செலவில் முக்கால் பங்கை ஈடுகட்டிய இதன் உச்ச அளவு, 2024-25இல் 7,395 டாலராக இருந்தும், அச்செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கே போதுமானதாயிற்று. மீதிக்குக் கடனும் பகுதிநேர வேலையும்தான் வழி.

சேர்வதைவிட முடிப்பது கடினம் என்பதை எண்கள் காட்டுகின்றன. ஜெனிஃபர் எங்கல், வின்சென்ட் டின்டோ ஆகிய இருவரும் பெல் நிறுவனத்துக்காக 2008இல் அளித்த ஆய்வறிக்கையின்படி, குறைந்த வருமானமுள்ள முதல் தலைமுறை மாணவர்களில் ஆறாண்டுகளில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் 11 விழுக்காட்டினரே. இவ்விரு குறைகளும் இல்லாத மாணவர்களில் அது 55 விழுக்காடு. முதலாண்டு முடிந்ததும் படிப்பை விட்டு விலகியோர் முன்னவர்களில் 26 விழுக்காடு, பின்னவர்களில் 7 விழுக்காடு. இத்தனை பெரிய இடைவெளியை அறிவுக்குறைவு என்றோ முயற்சிக்குறைவு என்றோ விளக்குவது எளிது. அது தவறான விளக்கமும்கூட.

இடைவெளியின் ஒரு பகுதி, யாரும் எழுதிவைக்காத விதிகளில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஒவ்வொருவரும் வாரத்தில் சில மணி நேரம் தம் அறையில் மாணவர்களுக்காகக் காத்திருப்பார். ஐயம் கேட்கவும், ஆய்வு வாய்ப்பு தேடவும், பின்னாளில் பரிந்துரைக் கடிதம் பெறவும் அந்தச் சந்திப்பு நேரமே வாசல். பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றப் பிள்ளையோ, ஆசிரியரைத் தேடிச் செல்வது தொல்லை கொடுப்பதாகும் என்றும், நன்றாகப் படித்தால் பலன் தானே வரும் என்றும் எண்ணி ஒதுங்கி நிற்கிறது. தாமே முதல் தலைமுறை மாணவராக ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்த சமூகவியலாளர் ஆண்டனி ஏப்ரகாம் ஜாக், 2019இல் வெளியிட்ட நூலில் இதை மேலும் கூர்மைப்படுத்தினார். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் ஏழை மாணவர்களிலும் இரு வகையினர் இருந்தனர்: உதவித்தொகையால் முன்பே உயர்தரத் தனியார் பள்ளியில் படித்து அந்த உலகத்தின் நடைமுறைகளைப் பழகி வந்தவர்கள் ஒரு வகை, தம் பகுதியின் நலிந்த அரசுப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் மற்றொரு வகை. வறுமை இருவருக்கும் பொது; பேராசிரியரின் கதவைத் தட்டும் துணிவு முன்னவருக்கே இருந்தது.

ஆனால் வசந்தகால விடுமுறையில் இரு வகையினரும் ஒன்றுபோலவே பட்டினி கிடந்தனர். மாணவர்கள் அனைவரும் வீட்டுக்கோ சுற்றுலாவுக்கோ சென்றுவிடுவார்கள் என்ற கணிப்பில் அந்த ஒரு வாரம் உணவுக்கூடங்களை மூடிவிடுவது பல வளாகங்களின் வழக்கம். பயணச்சீட்டுக்குப் பணம் இல்லாதவர்கள் விடுதி அறையிலேயே வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு நாள்களைத் தள்ளினர். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் அன்று. இத்தகைய மாணவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதே நிருவாகத்தின் நினைவில் வரவில்லை. ஜாக் எடுத்துச் சொன்ன பின் சில பல்கலைக்கழகங்கள் அந்த வாரத்திலும் அடுப்பை அணையாமல் வைத்திருக்கின்றன. அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறொரு முனையைப் பிடித்தது. சில நூறு டாலர் கட்டண நிலுவைக்காகவே, பட்டத்தை நெருங்கிவிட்டவர்கள்கூட ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பிலிருந்து நீக்கப்படுவதைக் கணக்கெடுத்துக் கண்டறிந்து, விண்ணப்பம் ஏதும் கேளாமலே அந்நிலுவையைத் தீர்க்கும் சிறு நிதியொன்றை 2011இல் அது தொடங்கியது. அவ்வாறு மீட்கப்பட்ட இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் பட்டத்தை முடித்தனர்.

இந்தப் பின்னணியில்தான் கொண்டாட்டத்தின் பொருள் விளங்குகிறது. வசதியானவர்கள் நிறைந்த வளாகத்தில் ஏழை மாணவர் தம் வறுமையை எளிதில் மறைத்துவிடலாம். தம்மைப் போன்ற இன்னொருவர் பக்கத்து அறையிலேயே இருப்பதையும் அதனாலேயே அறியாமல் போகிறார். 2015இல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள், பழம்பெரும் ஐவி லீக் பல்கலைக்கழகங்களின் முதல் தலைமுறை மாணவர்களைத் திரட்டி மாநாடு ஒன்றை நடத்தினர். மறு ஆண்டே அங்கு இவர்களுக்கெனத் தனி மையம் திறக்கப்பட்டது. வெளிப்படையாகப் பேசுவதால் பயன் உண்டா என்பதை உளவியலாளர் நிக்கோல் ஸ்டீவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் மூத்த மாணவர்களின் பேச்சை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேட்டனர். ஒரு குழுவுக்குப் பொதுவான அறிவுரை கிடைத்தது. மற்றொரு குழுவுக்கோ, மூத்தோர் தம் குடும்பப் பின்னணியால் நேர்ந்த இடரையும் அதை எதிர்கொண்ட விதத்தையும் சேர்த்தே சொன்னார்கள். ஆண்டு முடிவில், பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறையினருக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி இரண்டாவது குழுவில் 63 விழுக்காடு குறைந்திருந்தது. அக்குழுவின் முதல் தலைமுறை மாணவர்கள் பேராசிரியர்களைச் சந்தித்து உதவி கேட்பதும் கூடியிருந்தது. பேராசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை வெறும் அலங்காரமாகாமல் இருப்பது, அது ஒரு கதவு திறந்திருப்பதை மாணவருக்குத் தெரிவிக்கும்போதுதான். சந்திப்பு நேரத்தை விளக்காமலும் விடுமுறைச் சாப்பாட்டுக்கு வழிசெய்யாமலும் வில்லையை மட்டும் விநியோகிக்கும் நிருவாகம், சேர்க்கை விளம்பரத்துக்கு நல்ல புகைப்படம் எடுத்துக்கொண்டது என்பதற்கு மேல் எதையும் சாதிக்கவில்லை.

கொண்டாட்டத்தைத் தொடங்கிய இரு அமைப்புகளுள் ஒன்று, டிரியோ திட்டங்களுக்காக வாதாடிவரும் கல்வி வாய்ப்புக்கான மன்றம். அதை நிறுவியவர் மேலே குறிப்பிட்ட மிச்செம். ஆகவே நவம்பர் 8 தொடக்கத்திலிருந்தே நாடாளுமன்றத்தை நோக்கியும் பேசும் விழாவாக இருந்துவருகிறது. அதற்கான தேவையும் குறையவில்லை: டிரியோவுக்கான ஒதுக்கீடு முழுவதையும் நீக்கிவிடலாம் என்று 2026 நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிர்நீத்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேரின் பெயரால் இயங்கும் திட்டமும் அந்தப் பட்டியலில் அடங்கும். அதன் வேலை, இம்மாணவர்களை முனைவர் பட்டத்துக்குத் தயார்ப்படுத்தி, வில்லை அணியக்கூடிய அடுத்த பேராசிரியர்களை உருவாக்குவது.