ஒரு திசைவி, இரு இணைப்புகள்

“இரண்டு இணைப்புகளுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறோம், பிறகும் கணிப்பொறிக்கூடம் ஏன் நின்றுபோகிறது?” என ஆட்சிக்குழுப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதி நாளன்று, மாணவ மாணவியர் நாற்பதின்மர் திரைமுன் காத்திருக்க, இரு இணைப்புகளும் ஒருசேர அற்றுப்போன மறுநாள் அது. தமிழ் பயிற்றும் நமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்க் கணிப்பொறித் துறை நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

ரூட்டர் என யாவரும் வழங்கும் கருவியே திசைவி. கல்லூரிக் கணிப்பொறிகள் அனைத்தும் இதன் வழியாகவே வெளியுலகை அடைகின்றன. இதில் இரு நிறுவனங்களின் இணைப்புகளைப் பொருத்திவிட்டால், இரு மதகுகள் திறந்த வாய்க்காலில் நீர் பெருகுவதுபோல எல்லார்க்கும் வேகம் இரட்டிக்கும் எனப் பலர் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உவமை அழகியதே, ஆயின் பொருந்தாது. நீர்த்துளிக்கு முகவரி இல்லை. இணையத்திற் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உண்டு.

கல்லூரிக்குள் வழங்கும் முகவரிகள் வெளியே செல்லுபடியாவதில்லை. ஆதலால் திசைவி அவற்றை நீக்கி, இணைப்பு நிறுவனம் தனக்கு அளித்த முகவரியைப் பொறித்தே பொட்டலங்களை வெளியே விடுகிறது. இணைப்புகள் இரண்டாயின் முகவரிகளும் இரண்டு. ஒரே உரையாடலின் பொட்டலங்களுள் பாதியை ஒரு வழியிலும் பாதியை மறு வழியிலும் அனுப்பினால், எதிர்முனைக் கணிப்பொறி அவற்றை வெவ்வேறு இருவர் அனுப்பிய துண்டுக் கடிதங்களாகவே கருதும். தான் அறியாத முகவரியிலிருந்து வந்தவற்றை ஏற்காது. முகவரிச் சிக்கல் இல்லாவிடினும், இரு வழிகளின் தாமதம் வேறுபடுவதால் பொட்டலங்கள் வரிசை மாறிச் சேரும். அதனை இழப்பெனக் கொண்டு அனுப்பும் முனை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எனவே திசைவி பொட்டலம் பொட்டலமாகப் பிரிப்பதில்லை. உரையாடல் உரையாடலாகப் பிரிக்கிறது. இரு முனைகளின் முகவரிகள், அவற்றின் வாயில் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தையும் ஒரு கணக்கிலிட்டு, வரும் எண்ணைக்கொண்டு வழியைத் தீர்மானிக்கிறது. ஓர் உரையாடலின் பொட்டலங்கள் யாவும் ஒரே எண்ணைத் தருதலின், அவை ஒரே வழியிற் செல்லும். ஒரு மாணவர் ஒரே உரையாடலில் ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது அவருக்கு ஓர் இணைப்பின் வேகமே கிட்டும் என்பது இதனாற் பெறப்படும். நாற்பதின்மர் ஒருசேர அமரும்போதுதான் இரண்டாம் இணைப்பின் பயன் புலப்படும். ஓர் இணைப்பு 100 மெகாபிட், மற்றது 50 எனின் 2:1 என்று நிறை வகுக்கலாம். அதுவும் எண்ணிக்கைப் பங்கீடேயன்றிச் சுமைப் பங்கீடு அன்று. கனத்த காணொளி வகுப்புகள் மூன்றும் சிறிய வழியிலேயே வீழ்தலும் கூடும்.

வங்கித் தளங்களில் வேறொரு தொல்லை. ஒருவர் திறக்கும் ஒரு பக்கமே பல உரையாடல்களை எழுப்பும். அவை இரு வழிகளிற் பிரிந்தால், ஒரே ஆள் ஈரிடத்திலிருந்து வருவதாக ஐயுற்று அத்தளம் அவரை வெளியேற்றிவிடலாம். கணக்கில் முகவரிகளை மட்டும் சேர்த்து, வாயில் எண்களை விட்டுவிட்டால், ஒரு கணிப்பொறி ஒரு தளக் கணிப்பொறியுடன் பேசுவதெல்லாம் ஒரே வழியிற் செல்லும். பங்கீட்டின் சீர்மை சற்றுக் குறையும். நமக்கு அதில் வருத்தமில்லை.

ஓர் உரையாடலையே இரு வழிகளிற் பகிரும் ‘மல்டிபாத் டிசிபி’ என்னும் நெறிமுறை 2013-இல் வெளியிடப்பட்டது. இரு முனைகளும் அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே தடை.

இனி, அற்றுப்போன நாளுக்கு வருவோம். மோடத்தில் விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு உயிரோடிருப்பதாகாது. கம்பி அப்பால் எங்கேனும் அறுந்திருக்கலாம். ஆதலால் திசைவி, நிறுவனத்தின் எல்லைக்கு வெளியேயுள்ள ஒரு முகவரியை இடையறாது வினவி விடை பெறுமாறு அமைத்தல் வேண்டும். விடை நின்றால் புதிய உரையாடல்கள் மறு வழிக்கு மாறும். பழையவை முறியும், பாதி நிரப்பிய விண்ணப்பத்தை மீண்டும் நிரப்ப நேரலாம். நம் திசைவியில் இவையெல்லாம் செவ்வனே அமைந்திருந்தன. ஆயினும் இரு நிறுவனங்களின் கண்ணாடியிழைகளும் வாயிலருகே ஒரே குழியிற் கிடந்தன. சாலை தோண்டிய பொறி இரண்டையும் ஒரே வீச்சில் அறுத்தது.

கடலிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் இரு கடலடி வடங்கள் பழுதுற்றன. வெவ்வேறு அமைப்பினருக்கு உரியவை எனினும், செங்கடலையும் நடுநிலக் கடலையும் இணைக்கும் அக்குறுகிய பாதையை இரண்டுமே நாடியிருந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற இணையப் போக்குவரவு பெரிதும் குன்றியது. ஒரு பகுதி கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பிவிடப்பட்டது.

இப்போது நம் இரண்டாம் இணைப்பு மாடியிலுள்ள அலைவாங்கி வழியே வருகிறது. வேகம் குறைவு, ஆதலின் 5:1 என நிறை வகுத்துள்ளோம். இதனைப் பெரியவரிடம் விளக்கியபோது, “அலை வருகிற கோபுரத்துக்குக் கம்பி எந்தக் குழி வழியாகப் போகிறது?” என்றார். அந்நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.