விதைத்த நாளும் வரச்சொன்ன நாளும்
நலம் பெற்று வருவோருக்கு ஒரு பூந்தொட்டித் துணை

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரைத் தமிழகத்துக்கு வெளியிலுள்ள நிலக்கடலை உழவர்களும் அறிவர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்கள் 'டி.எம்.வி.' என்னும் அடையாளத்தைத் தாங்கியவை. அவற்றுள் டி.எம்.வி. 2 நிலக்கடலை 1940ஆம் ஆண்டு வெளிவந்தது. நல்ல விதை, ஏற்ற பருவம், அளவான நீர் ஆகிய மூன்றும் இந்த மண்ணின் உழவர்கள் நன்கறிந்த பாடம். வீட்டு வாசலில் வைக்கும் ஒரு பூந்தொட்டிக்கும் அதே பாடம் பொருந்தும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் மருத்துவர், "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்பார். அந்த ஒரு மாதம் நீண்டதாகத் தோன்றும். உணவு, மருந்து, நடை என அனைத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது பலருக்கு நோயினும் பெரிய வருத்தம். ஒரு தொட்டியில் நான்கு விதைகளை ஊன்றினால் அந்நிலை சற்றே மாறுகிறது. நாள்தோறும் கவனிக்க வேண்டிய ஓர் உயிர் அவர் பொறுப்பில் வந்துவிடுகிறது.

எந்த விதை?

முதன்முறை வளர்ப்போருக்குச் செண்டுமல்லி ஏற்றது. ஐந்தாறு நாள்களில் முளைக்கும். மூன்று, நான்கு வாரங்களில் நாற்றைப் பெயர்த்து நடலாம். நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். சீனியாவும் காசித்தும்பையும் இவ்வாறே எளியவை. கைவிரல்களில் வலு குறைந்தவர்களுக்குச் சூரியகாந்தி நல்லது. அதன் பெரிய விதையை எளிதாகப் பற்றி எடுக்கலாம். சங்குப்பூ விதையின் தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். கோழிக்கொண்டை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது.

மல்லிகையை விதைபோட்டு வளர்ப்பதில்லை. குச்சியும் பதியனுமே வழக்கம். சாமந்தியைப் பெரும்பாலும் பக்கக் கன்றுகளாலேயே பெருக்குவர். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, அதற்கும் குச்சிதான்.

பருவமும் முறையும்

விழுப்புரம் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் இளநாற்று அழுகிவிடும். தை, மாசி மாதங்களிலும், கோடை வெப்பம் தணிந்த ஆடி மாதத்திலும் விதைப்பது நலம்.

செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். விதையின் தடிமனைப்போல் இருமடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. முளை வந்ததும் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

யார், எதைக் கவனிக்க வேண்டும்?

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் மருத்துவர் இசைவின்றி மண்ணைத் தொடலாகாது. அவர்கள் விதையைத் தேர்ந்து சொல்லலாம், நாள்குறிப்பு எழுதலாம், மண்வேலையை வீட்டார் செய்யட்டும்.

நீரிழிவு உள்ளோர் கையுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா 'மெலியாய்டோசிஸ்' என்னும் கடுந்தொற்றை உண்டாக்கும். அது நீரிழிவு உள்ளோரையே மிகுதியாகத் தாக்குகிறது. மழைக்காலத்தில் கூடுதலாகக் காணப்படுகிறது. காலிலோ கையிலோ புண் இருந்தால், அது ஆறும்வரை மண்வேலை வேண்டாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஃபிஸ்டுலா உள்ள கையால் தொட்டியையோ நீர்வாளியையோ தூக்கக் கூடாது. இரத்த அழுத்த மருந்து உட்கொள்வோர் குந்தி அமர்ந்து சட்டென எழுந்தால் தலைசுற்றும். தொட்டியை மேசைமேல் வைத்து, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யலாம். ஆஸ்துமா உள்ளோர் மண்கலவையை நனைத்த பிறகே கிளற வேண்டும்.

கடையில் வாங்கும் விதைகளில் சில, பூச்சிமருந்து பூசப்பட்டு நிறமேறியிருக்கும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, விதைத்தபின் சோப்பால் கை கழுவுங்கள். அரளி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவை நச்சுச் செடிகள். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். எவரேனும் தவறுதலாகத் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள்.

உடனிருந்து பராமரிப்போருக்கு

நோயாளி செய்யக்கூடியதை அவரே செய்ய விடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் விதையைப் பற்றி எடுப்பது நல்ல விரற்பயிற்சி. அதற்கு நேரமாகும், பொறுத்திருங்கள். ஒரு விதை முளைக்காவிட்டால் அவர் சோர்வடையாதபடி, ஒன்றுக்கு நான்காக ஊன்றச் சொல்லுங்கள். உடல் தளர்ந்த நாளில் நீர் ஊற்றும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் அதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

விதைத்த நாளை மருந்துச்சீட்டு வைக்கும் கோப்பிலேயே குறித்து வையுங்கள். வீடு திரும்பிய வாரத்தில் செண்டுமல்லி விதைத்தால், முதல் மாதப் பரிசோதனைக்கு வரும்போது நாற்று நடும் பருவத்தில் இருக்கும். மூன்றாம் மாதம் வருகையில் மொட்டு விட்டிருக்கும். அடுத்த முறை வரும்போது, உங்கள் உடல்நிலைக்கு எந்த அளவு தோட்டவேலை ஏற்றது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.