பழைய மோட்டார் வண்டியும் பதிப்பு நெறியும்

கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, கோயிற் சிற்பம் என்பனவற்றைப் பேணுதல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவிலே ஓடிய மோட்டார் வண்டியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதோ என வினவின், கற்றோரும் சற்றே நகைப்பர். பயன் முடிந்த இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போகவேண்டியதே என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், பழைய வண்டியைச் செப்பனிடுதல் ஏட்டைப் பதிப்பித்தல் போன்று நெறியுடையதொரு தொழில் என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'பழைய வண்டி' என்பது யாதென வரையறுத்தல் வேண்டும். இத்துறையில் வழிகாட்டிய இங்கிலாந்து நாட்டார், 1904ஆம் ஆண்டின் இறுதிக்குள் செய்யப்பட்டவற்றை 'வெற்றரன்' என்றும், 1905 முதல் 1918 வரையிலானவற்றை 'எட்வேடியன்' என்றும், 1919 முதல் 1930 வரையிலானவற்றை 'வின்ரேஜ்' என்றும் வகுத்தனர். பின்வந்தவற்றுட் சிறந்தனவற்றைப் பொதுவாகக் 'கிளாசிக்' என்பர். 1966இல் நிறுவப்பெற்ற உலகப் பழைய ஊர்திகள் கூட்டமைப்பு, குறைந்தது முப்பது ஆண்டு நிறைந்து, வரலாற்று முறையிற் பிழையாத நிலையிற் பேணப்படும் ஊர்தியையே வரலாற்று ஊர்தி எனக் கொள்கிறது. எனவே, பழமை மட்டும் போதாது. பிழையாமையும் வேண்டும் என்பது பெறப்படும்.

இலங்கைக்கு மோட்டார் வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது. பிரித்தானியர் ஆட்சியிலே தோட்டத் துரைமாரும், பின்னர் வணிகரும் வழக்கறிஞரும் வைத்தியரும் ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் முதலிய ஆங்கில வண்டிகளை இறக்குவித்தனர். 1960களில் வெளிநாட்டுச் செலாவணி அருகியமையால் வண்டி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள வண்டியை ஓட்டுவதன்றி வேறு வழி பலர்க்கு இருக்கவில்லை. உதிரியுறுப்புக் கிடையாதவிடத்து அதனைக் கடைந்தும் வார்த்தும் உருவாக்கும் கைவன்மை இந்நாட்டுக் கராச்சுகளிலே வளர்ந்தமைக்கு அவ்வறுமையே காரணம் ஆயிற்று. 2020இல் விதிக்கப்பட்டு 2025இல் தளர்த்தப்பட்ட இறக்குமதித் தடையும் பழைய வண்டியின் அருமையை மீண்டும் ஒருமுறை உணர்த்திற்று.

இவ்வண்டிகளுள் இலங்கையர் உள்ளத்தை மிகக் கவர்ந்தது மொறிஸ் மைனர் எனலாம். சிமேர்ணா நகரில் 1906இற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி, 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் வெளியாயிற்று. அதன் முதற் பொறி 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினது. 1952இல் 803 கன சென்ரிமீற்றர்ப் பொறியும், 1956இல் 948உம், 1962இல் 1098உம் முறையே பொருத்தப்பட்டன. 1971இல் ஆக்கம் முடிவுறுமுன் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இவ்வண்டியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்குப் பெரிதும் இயைவது. ஆக்கம் தொடங்கும் தறுவாயில், வண்டி ஒடுங்கியிருத்தல் கண்ட இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பழைய அளவிலே செய்து முடிந்திருந்த முட்டுத்தாங்கிகளை நடுவே வெட்டி இடையில் ஒரு துண்டு சேர்க்க வேண்டியதாயிற்று. பொறிமூடியின் நடுவே தட்டையாக ஓடும் பட்டையும் அவ்வகலிப்பின் சுவடே. தொடக்ககால வண்டியொன்றிலே அவ்வொட்டுத் துண்டைக் கண்டு, 'இஃது எவனோ செய்த ஒட்டுவேலை' எனக் கருதி, ஒரே தகட்டாலான அழகிய முட்டுத்தாங்கியைப் பூட்டுபவன், ஆக்கியோன் கைப்படத் திருத்திய மூலப்படியைத் தன் மனம்போலத் திருத்தியவன் ஆவான்.

இனி, வண்டியின் உடலமைப்பைச் சிறிது நோக்குவாம். மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை. தகடுகள் ஒன்றோடொன்று இணைந்த கூடே சுமையைத் தாங்குகிறது. கதவுகளின் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி வடிவான தகட்டுக் குழாய்கள் அக்கூட்டின் முதுகெலும்பு போல்வன. நீரும் மணலும் அவற்றுட் புகுந்து, வடிதுளைகள் அடைபடின், துரு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். புறத்தே நிறம் பளபளக்க, அகத்தே தகடு பொரிந்து போகும்.

இரும்பு நீரோடும் ஒட்சிசனோடும் கூடித் துருவாதலை மாணவர் அறிவர். உப்புக் கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலின் அத்தாக்கம் விரைவுபெறும். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாகக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் தொடுத்துக் கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தில் வீசும் காற்றே உப்புக் காற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருட் புகுந்தபோது உப்புநீரே நேராகப் பாய்ந்தது. இத்தகைய இடத்தில் வண்டி பேணுவோர் நன்னீரால் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுதலும், வடிதுளைகளைத் திறந்து வைத்தலும், பெட்டிக் குழாய்களுள் மெழுகு கலந்த எண்ணெய் பாய்ச்சுதலும் இன்றியமையாதன. துருவேறிய இடத்தில் பட்டி பூசி நிறம் அடித்தல் புண்ணை மூடிப் பட்டுடுத்தல் போன்றது. பழுதுற்ற தகட்டை வெட்டி நீக்கி, அதே அளவும் வளைவும் உடைய புதுத் தகட்டை ஒட்டுதலே தக்க வழி. இவ்வேலையில் இலங்கைக் கம்மியர் உலகப் புகழும் பெற்றனர். பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பாரின் முயற்சியோடு, 1990களில் இலங்கையிற் செய்யப்பட்ட மைனர்த் தகடுகள் அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே சென்றன.

நிற்க. மாற்றம் எதுவும் கூடாதோ எனின், கூடும். ஆயின் காரணமும் பதிவும் வேண்டும். சான்றாக, ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் வழக்கொழிந்தது. பழைய பொறிகளின் வால்வுத் தளங்கள் அவ்வீயத்தின் காப்பை நம்பி அமைந்தவை. அஃதின்றி நெடுந்தூரம் விரைந்தோடின் தேய்வுறும். ஆதலின் சிலிண்டர் மூடியிலே வன்மையூட்டிய வளையங்களைப் பதித்தல் ஏற்புடைய மாற்றமே. அது வெளித்தோற்றத்தைக் கெடுப்பதன்று, வண்டியை வாழவைப்பது. இருக்கைக்கு மின்னும் புதுத்தோல் தைத்து, நவீன சில்லுகள் மாட்டி, ஆக்கியோன் காணாத நிறத்தைப் பூசுதலோ அத்தகையதன்று.

2012இல் மேற்கூறிய கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் இந்நெறியையே வற்புறுத்துகிறது. இருப்பதை இருந்தவாறே காத்தல் முதலாவது. அழிவைத் தடுக்குமளவு செப்பமிடுதல் இரண்டாவது. இழந்ததை மீட்டமைத்தல் மூன்றாவது. முன்னையது போதுமாயின் பின்னையதை நாடலாகாது. செய்தவை யாவும் எழுத்திற் பதியப்படல் வேண்டும். இஃது ஏடு பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் நமக்குக் காட்டிய வழியன்றோ? சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி மூலமென்று காட்டுதலை நல்ல பதிப்பாசிரியன் செய்யான். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவான். அதுபோலவே, நல்ல கம்மியனும் கழற்றுமுன் படம் எடுப்பான். ஒவ்வோர் உறுப்புக்கும் சீட்டுக் கட்டுவான். கழற்றிய பழைய உறுப்பை எறியாது வைப்பான்.

வண்டியின் இலக்கத் தகடும் ஓர் ஆவணமே. முன்னைய தகடுகளில் ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. 1958இன் தொடக்கத்திலே சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த தகடுகள் வழக்குக்கு வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பியக்கம் இந்நாட்டு அரசியல் வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரு வண்டி எக்காலத்தில் பதிவுற்றது என்பதை மட்டுமன்றி, எத்தகைய காலத்தைக் கடந்து வந்தது என்பதையும் அத்தகடு கூறும்.

மூலமே முற்றாக மறைந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது? அதற்கும் இக்கரையோரமே விடை தருகிறது. கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கிறந்த பண்டை யாழை மீட்டுணர முற்பட்டார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகளை அடிப்படையாகக் கொண்டு, இசைக் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். தாம் எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதை அவர் ஒளித்தாரில்லை. மீட்டமைப்பின் நேர்மை அவ்வெளிப்படையிலேயே உளது. விஞ்ஞானம் பயின்ற அவ்வாசிரியர் காட்டிய முறை யாழுக்கும் பொருந்தும், வண்டிக்கும் பொருந்தும்.

ஏடு அழியினும் படி எடுத்தல் கூடும். கைவன்மைக்குப் படி இல்லை. காபுரேற்றரின் ஒலி கேட்டே குறை உணரவும், தகட்டைத் தட்டியே வளைவு காணவும் வல்ல முதிய கம்மியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் அறிவு எந்த நூலிலும் இல்லை. பாடசாலைகளில் தொழினுட்பம் பயிலும் மாணவர், தம் ஊர்க் கராச்சுக்குச் சென்று, அம்முதியோர் சொல்வதைக் கேட்டெழுதி, செய்வதைப் படம்பிடித்து வைப்பாராயின், அதுவும் ஒரு சுவடி தேடலே ஆகும். வண்டி ஓடாது நின்றபின்னும் சில காலம் இருக்கும். அதனை ஓடச்செய்யும் அறிவோ அதனையுடையாரோடு ஒருநாளிற் போய்விடும். முந்திக் காக்க வேண்டியது அதுவே.