சாப்பாட்டு நேரமும் சம்பளக் கணக்கும்

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஷாப் ஃப்ளோரில்தான் நிற்கப் போகிறோம். மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்!

2024-ல் ஆறு மாத டிரெய்னிங்குக்கு ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எட்டு மணி நேர வேலை, நடுவில் அரை மணி சாப்பாடு. இது நோட்டீஸ் போர்டில். "லாட் போகணும், மெஷினை நிறுத்தாதீங்க" என்பார் சூப்பர்வைசர். நான் உதவிக்கு நின்ற சி.என்.சி. ஆபரேட்டர் அண்ணனுக்கு ஒரு கையில் தயிர்சாதம், கண் இரண்டும் மெஷின் மேல்! கணக்கில் மட்டும் அரை மணி ஓய்வு என்று கழிந்துவிடும்.

"இது ஓய்வாண்ணே?" என்றேன்.

"சட்டம் என்ன சொல்லுதுன்னு நீதான் படிச்சுச் சொல்லேன் தம்பி."

படித்தேன். அப்போது நடப்பில் இருந்தது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். அதன் 55-ஆவது பிரிவுப்படி, குறைந்தது அரை மணி ஓய்வு தராமல் 5 மணிக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. (எழுத்து மூலம் விலக்கு வாங்கினால் 6 மணி.) அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சாப்பாட்டு இடைவேளை தராத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி தனியாகத் தர வேண்டும். நம் சட்டத்தில் அப்படித் தனிக் கூலி கிடையாது. சரி, கேட்க வழியே இல்லையா?

இருக்கிறது. மெஷினை விட்டு நகராமல் கழித்த அரை மணியும் வேலை நேரம்தானே! ஒரு நாளுக்கு எட்டரை மணி. 9 மணி வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் வாரத்தைப் பாருங்கள்: ஆறு நாளுக்கு 51 மணி. வரம்பு 48. மிச்சம் 3 மணிக்கு 59-ஆவது பிரிவுப்படி இரட்டைக் கூலி, அதாவது 6 மணி நேரச் சம்பளம். நாலு வாரத்துக்கு 24 மணி. முழுசாக மூன்று நாள் சம்பளம்!

காலண்டர் தாளின் பின்புறம் போட்டுக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு வருஷமாவா?" என்றார்.

பழைய பாக்கி வரவில்லை. பஞ்ச் கார்டு 'லஞ்ச்' என்றே காட்டியது. அவர் கையில் வேறு ஆதாரம் இல்லை. அதன் பிறகு அவரும் இன்னும் நாலு பேரும் தேதி, மெஷினில் நின்ற நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் தினமும் நோட்டில் எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து நோட்டோடு மேனேஜரிடம் போனார்கள். அடுத்த வாரமே சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினைப் பார்க்க ஒரு ஆள் வந்தார்!

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அதில் நாள் வரம்பு 8 மணி. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி அப்படியே இருக்கிறது. அப்ரெண்டிஸாகப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி, அப்ரெண்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாமல் உங்களை ஓவர்டைமில் நிறுத்தவே கூடாது.