தண்டவாளத்தின் காவல் – 9: ரயிலை முந்திய செய்தி

ரயில்வே போலீசில் ஆள் பற்றாக்குறை என்ற புகாரைச் சென்ற வாரம் அலசினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்களைக் கூட்டுவது மட்டும் பயணியைக் காக்காது. தகவலும் அதிகாரமும் ரயிலோடு கூடவே ஓட வேண்டும். இதற்கு 1845-ஐவிட நல்ல சாட்சி இல்லை.

அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று, இங்கிலாந்தின் ஸ்லவ் அருகே ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுத்துக் கொன்ற ஜான் டாவெல், லண்டனுக்கு ரயில் ஏறிவிட்டான். அன்று ரயிலைத் துரத்திப் பிடிக்க எந்தக் குதிரையாலும் முடியாது. ஆனால் அந்தப் பாதையோரம் தந்திக் கம்பி இருந்தது. க்வேக்கர் சமயத்தாரின் உடை, பாதத்தைத் தொடும் பழுப்புக் கோட்டு, முதல் வகுப்பின் இரண்டாவது பெட்டி, அதில் கடைசி அறை என்று எல்லா அடையாளமும் பாடிங்டன் நிலையத்துக்குப் பறந்தன. தந்திக் கருவியில் க்யூ எழுத்தே கிடையாது. க்வேக்கர் என்பதை ‘கே’யில் தொடங்கி அனுப்பினார்கள். அப்படியும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார் ரயில்வே போலீஸ் சார்ஜென்ட் வில்லியம்ஸ். சீருடைமேல் சாதாரணக் கோட்டை மாட்டிக்கொண்டு, டாவெல் ஏறிய குதிரை பஸ்ஸிலேயே போய், தங்குமிடம் வரை பின்தொடர்ந்தார். மறுநாள் லண்டன் மாநகரப் போலீஸ் கைது செய்தது. மார்ச்சில் தூக்கு. ஒரு படை கண்காணித்தது, இன்னொரு படை கைது செய்தது. நடுவில் ‘இது யார் எல்லை’ என்ற கேள்வி குற்றவாளியைத் தப்பவிடவில்லை.

‘நியூயார்க் தன் தனிப் போக்குவரத்துப் போலீசை 1995-ல் நகரப் போலீசோடு இணைத்துவிட்டதே, ரயிலுக்கெனத் தனிப்படை எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுரங்க ரயில் ஒரே நகரத்துக்குள் ஓடுவது. அங்கும் இணைப்புக்குப் பிறகு போக்குவரத்துக்கென்று தனிப்பிரிவை வைத்துத்தான் நடத்துகிறார்கள். நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து டெல்லி போவதற்குள் எத்தனை மாநிலங்களைக் கடக்கிறது! மாநிலத்துக்கு மாநிலம் ரயில்வே போலீஸ் மாறுகிறது. விடிந்து பார்க்கும்போது பையைக் காணோம் என்றால், அது எந்த மாநிலத்தில் போனது என்று தூங்கிய பயணி எப்படிச் சொல்வார்?

‘எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாமே’ என்பது அடுத்த பதில். உண்மை; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவே அதற்கு இடம் தருகிறது. ஆனால் புகாரை வாங்குவது வேறு, விசாரிப்பது வேறு. வழக்கு சம்பவ எல்லைக்கு மாற்றப்படும். காகிதம் அங்கே போய்ச் சேருவதற்குள் திருடன் இரண்டு ரயில் மாறியிருப்பான். பாடிங்டனில் தகவல் ரயிலுக்கு முன்னால் போனது. இங்கே பின்னால் வருகிறது.

இத்தனைக்கும் நாடு முழுக்க ஒரே தலைமையில் இயங்கும் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) நம்மிடம் இருக்கிறது. ஆனால் பயணியின் பை திருட்டுப்போனால் அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது மாநில ரயில்வே போலீசின் வேலை. 1957-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் படையை எதற்காக உருவாக்கியது என்பதை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். டாவெல் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டான். அடுத்த வாரம் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.