செவிக்கு இனியது நோய்க்கு மருந்தாகுமா?



திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் அரம் தேய்க்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓசை மனிதனை வருத்தும் என்பதை அங்கே கண்டேன். அதுவே ஆறுதலும் தரும் என்பதை, காய்ச்சலில் கிடந்த இரவுகளில் அன்னையின் தாலாட்டில் உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு என் பெரியம்மா, கைப்பேசியில் ‘நோய் தீர்க்கும் ஒலி’ என்றொரு பதிவைக் கேட்கத் தொடங்கினார். அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தினார். மூன்றாம் வாரம் மயங்கி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். ஆனால், ஒலி நோயைத் தீர்க்குமா என்னும் வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

நம் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத், துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் ஒரு மருத்துவமனையைக் கட்டி முடித்தார். நடுக்கூடத்து நீரூற்றின் ஓசை நோயாளிகளின் செவியில் விழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கண்ட பயணி எவ்லியா செலெபி, வாரம் மும்முறை இசைவாணர்கள் வந்து நோயாளிகளுக்காக இசைத்ததை எழுதியுள்ளார். அங்கே மருத்துவர்களும் இருந்தனர், மருந்துகளும் வழங்கப்பட்டன. இசை வந்ததால் மருந்து நிறுத்தப்படவில்லை.

இன்றைய அறிவியலும் இதையே கூறுகிறது. ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2015இல் 73 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. அறுவை சிகிச்சை பெற்றோர் இசை கேட்டபோது வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை.

2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைச் சோதித்தனர். கிறிஸ்தவ ஜெபமாலையையோ பௌத்த மந்திரத்தையோ அவர்கள் ஓதியபோது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆகத் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் இயல்பான ஏற்பாடும் செம்மையாக இயங்கியது. பயன் தந்தது, நீண்டு ஒழுகிய மூச்சு.

திருமறையை நிறுத்தி நிதானமாக ஓதுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். மத்ரஸாவில் அவசரமாக ஓதும் பிள்ளைகளிடம் “மூச்சை விட்டு ஓது” என்று நான் சொல்வதுண்டு. ஓதுவது இறைவனுக்காகவே, உடல் பெறும் அமைதி அதனுடன் சேர்ந்த அருட்கொடை.

நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஆகவே நோயாளியின் அருகில் அமர்ந்து மெல்ல ஓதுங்கள். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுங்கள். வீட்டில் இரைச்சலைக் குறையுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

என் பெரியம்மா இப்போது மாத்திரையை விழுங்கிவிட்டு யாசீன் ஓத அமர்கிறார். இரண்டும் அவருக்கு வேண்டியிருக்கின்றன.